பனியில் வண்டியை நிறுத்தும் உரிமை யாருக்கு?

(ஜலகண்டாபுரத்தில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் நல வாரியத்தைப் பற்றியும் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். அதற்கு முன்னால் வேறொரு விஷயத்தைச் சொல்ல அனுமதி கேட்கிறோம். பனியில் ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லப் போகிறோம். சிரிக்காதீர்கள்! ஜலகண்டாபுரத்துக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம், மேட்டூர் வெயிலில் வேகிறவனுக்குப் பனியைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

தறிப்பட்டறையில் கரண்டு நின்றால் போதும், நம் இளைஞர்கள் கையில் செல்போன் வந்துவிடுகிறது. அதில் இமயமலைப் படம் ஓடுகிறது. மலையெல்லாம் வெள்ளை. நடுவே ஒற்றை ரோடு. அந்த ரோட்டில் நம் ஊரில் பால்காரர் ஓட்டுகிற மாதிரி ஒரு சின்ன வண்டி தள்ளாடித் தள்ளாடி ஏறுகிறது. கீழே பாட்டு, மேலே கம்பெனியின் விளம்பரம். “துணிச்சல் இருந்தால் எங்கேயும் போகலாம்” என்பது அந்தப் படத்தின் பாடம். இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: இது நிஜமா? சின்ன வண்டி பனியில் ஓடுமா? நியாயமான கேள்வி. நாம் பதில் சொல்லாமல் விட்டால் விளம்பரக்காரன் சொல்லுகிற பதில்தான் அவர்கள் மனதில் நிற்கும்.

நம் பனியும் அந்தப் பனியும்

நமக்குப் பனி என்றால் மார்கழி, தை மாதத்து விடியற்காலைப் பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவோம். ரோட்டில் எதிரே வருகிற லாரி பக்கத்தில் வரும்வரை தெரியாது. வெயில் ஏறினால் அது போய்விடும்.

நீலகிரிக்குப் போனால் உறைபனியைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் குளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இறங்கும் நாட்களில், புல்வெளியும் வாசலில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் சீட்டும் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். அதே இரவில் தேயிலைக் கொழுந்து கருகிப் போகிறது. கொழுந்து கருகினால் பறிக்கிற பெண்ணுக்கு வேலை நாள் போகிறது. ஒரே பனிதான், ஒருவருக்கு வேடிக்கை, இன்னொருவருக்கு அரை வயிறு.

லடாக்கில் இருப்பது வானத்திலிருந்து பஞ்சாகக் கொட்டி, ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து, ரோட்டையே மூடிவிடுகிற வெண்பனி. அங்கே லே நகரத்திலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கர்துங் லா என்று ஒரு கணவாய் இருக்கிறது. 2015-ம் ஆண்டில் அனம் ஹாஷிம் என்ற இளம் பெண் 110 சி.சி. ஸ்கூட்டரில் அந்தக் கணவாய்க்கு ஏறினார். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். கம்பெனியின் ஸ்கூட்டர் அது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டைச் செய்து நாட்டுக்கு அனுப்பியதும் அதே ஓசூர்தான். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஜனங்கள் காத்துக் கிடந்த காலம் அது. ஆகவே இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு முதல் பதில்: ஆமாம், நிஜம்தான். தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை செய்த சின்ன வண்டி அந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அந்தப் பெண்ணின் தைரியத்தை நாம் மெச்சுகிறோம். பெண் வண்டி ஓட்டினால் ஊர் வாய் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை.

பனியில் சக்கரம் என்ன செய்யும்?

வண்டி ஓடுவதும் நிற்பதும் எதனால்? டயர் ரோட்டைப் பிடிப்பதனால். அந்தப் பிடிப்பு இல்லையென்றால் பிரேக் இருந்தும் பிரயோஜனமில்லை. சக்கரம் நின்றுவிடும்; வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குச் சொல்லுகிறோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, காய்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டரில் நின்றுவிடும். அதே வேகத்தில் இறுகிய பனியின் மேல் போனால் 18 மீட்டர் ஓடி நிற்கும். கண்ணாடியாக உறைந்த ஐஸ் மேல் போனால் 35 மீட்டர் வேண்டும். அதாவது ஒரு பெரிய தறிப்பட்டறையின் இந்தக் கோடியில் பிரேக் பிடித்தால் அந்தக் கோடியையும் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

ஸ்கூட்டருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் சக்கரம் சிறியது. பனியில் லாரி போட்ட தடத்தில் இறங்கினால் ஏற மறுக்கும். எஞ்சினும் எடையும் பின்பக்கம். முன் சக்கரம் லேசாக இருப்பதால் சட்டென்று வழுக்கிவிடும். குளிரில் சாதாரண டயரின் ரப்பர் கல்லாக இறுகிவிடும். குளிர் நாடுகளில் அதற்கென்று வேறு ரப்பரில் செய்த டயரைப் பனிக்காலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கர்துங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்புரேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காமல் எஞ்சின் மூச்சுத் திணறும்; ஓட்டுகிற ஆளுக்கும் அதே கதி. பகலில் உருகி ரோட்டின் குறுக்கே ஓடிய தண்ணீர் இரவில் உறைந்துவிடும். விடியற்காலையில் அது ஐஸ் என்றே கண்ணுக்குத் தெரியாது. வெறும் குளிர் மைனஸ் 10 டிகிரி என்றால், 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரி போல் உறைக்கும். விரல் மரத்துப் போனால் பிரேக்கை எப்படிப் பிடிப்பது?

அப்படியானால் பழகியவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்க மாட்டார்கள். முன் பிரேக்கைத் தொட மாட்டார்கள். வளைவில் வண்டியைச் சாய்க்க மாட்டார்கள். இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போவார்கள். மிக மோசமான இடத்தில் இறங்கித் தள்ளுவார்கள். அதுவும் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு வெயிலுக்காகக் காத்திருப்பார்கள்.

இதையும் கணக்கில் பாருங்கள். வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், நிற்கிற தூரம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஐஸ் மேல் 35 மீட்டர் ஓடுகிற வண்டி, 10 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆகப் பனியில் உயிரைக் காப்பது இரண்டே விஷயங்கள்: ஒன்று, மெதுவாகப் போவது; இரண்டு, நிறுத்தி வைப்பது.

தோழர்களே, இங்கேதான் பிரச்னை ஆரம்பமாகிறது. மெதுவாகப் போகவும் நிறுத்தி வைக்கவும் யாரால் முடியும்? விளம்பரத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் போகிறவரால் முடியும். இன்று வானம் சரியில்லை என்றால் ஓட்டலில் தங்கி டீ குடித்துவிட்டு நாளைக்குப் போகலாம். பின்னால் உதவிக்கு ஜீப் வரும். ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகப் பனியில் நிற்கிறவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டா?

பலகையில் இல்லாத பெயர்

கர்துங் லா உச்சியில் ஒரு பலகை உண்டு. உயரம் 18,380 அடி என்று அதில் எழுதியிருந்தார்கள். ஏறுகிறவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கருவி வைத்து அளந்தவர்கள் உண்மையான உயரம் 17,582 அடிதான் என்று கண்டார்கள். எண்ணூறு அடி தவறு போகட்டும். அந்தப் பலகையில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்த ரோட்டில் கிடந்த பனியை வெட்டி ஒதுக்கியவன் யார்?

1960 மே 7-ல் மத்திய சர்க்கார் எல்லைச் சாலைகள் நிறுவனத்தை ஏற்படுத்தியது. இன்று அது ராணுவ அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்காகப் பனியில் மண்வெட்டி பிடிக்கிறவர்களில் மிகப் பலர் ஜார்க்கண்ட் மாநிலத்துத் தும்காப் பக்கத்து ஏழை மக்கள். அவர்களில் பலர் சந்தால் பழங்குடியினர். நம்மைப் போலவே வெயில் காய்கிற பூமியில் பிறந்தவர்கள். நிலமில்லை, ஊரில் வேலையில்லை. கோடை தொடங்கும்போது ரயிலேறி, இரண்டாயிரம் கிலோமீட்டர் போல் கடந்து, மூச்சு முட்டுகிற உயரத்தில் கல் உடைக்கிறார்கள், தார் காய்ச்சுகிறார்கள், பனி வெட்டுகிறார்கள். புல்டோசர் உண்டு. ஆனால் புல்டோசர் போக முடியாத இடத்துக்கு முதலில் போகிறது மனிதக் கைதான்.

இவர்களுக்கு நிறுவனம் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? “தற்காலிகக் கூலித் தொழிலாளி”. ஒரு தடவை வேலைக்கு எடுத்தால் அதிகபட்சம் 179 நாள். ஏன் 179? ஆறு மாதத்தை முழுதாக எட்டவிடாமல் கணக்கைத் தீர்ப்பதற்குத்தான். வருஷா வருஷம் வருகிறவன், தகப்பனுக்குப் பின் மகன் என்று வருகிறவன், தாளில் மட்டும் எப்போதும் புது ஆள்! நம் பட்டறைகளில் பத்து வருஷம் தறி ஓட்டியவன் பெயர் எந்த நோட்டிலும் இல்லாத கதையும் இதுவும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

2020 ஊரடங்கில் இவர்கள் மலையில் சிக்கிக்கொண்டார்கள். மே 29-ம் தேதி 60 பேரை ஜார்க்கண்ட் சர்க்கார் லேயிலிருந்து விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்து வந்தது. அப்போதுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இடைத்தரகர்கள் கூலியில் பங்கு பிடுங்குகிறார்கள், ஏ.டி.எம். அட்டையையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்ற புகார்கள் வெளியே வந்தன. கூலியை நேரே தொழிலாளியின் பாங்குக் கணக்கில் போட வேண்டும் என்று மாநில சர்க்கார் வற்புறுத்தியது. ஜூன் மாதத்தில் 1,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தும்காவிலிருந்து தனி ரயிலில் மறுபடியும் லடாக்குக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் போகாவிட்டால் ரோடு இல்லை.

பிணத்துக்கு விலை வைக்கிற நியாயம்

இந்தத் தொழிலாளி வேலையில் செத்துப் போனால் என்ன ஆகும்? சவ அடக்கத்துக்கு நிறுவனம் கொடுத்து வந்த தொகை 1,000 ரூபாய். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய்! 2023 ஜூலையில்தான் அதை 10,000 ஆக உயர்த்தினார்கள். உடலைச் சொந்த ஊருக்குச் சர்க்கார் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் அப்போதுதான் உத்தரவு போட்டார்கள். 2024 ஜனவரியில் 10 லட்சம் ரூபாய் குழு இன்ஷூரன்ஸ் திட்டம் வந்தது. நிறுவனம் ஏற்பட்டு அறுபது வருஷம் கழித்து வந்த ஞானோதயம். வந்ததை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அது தேவை. ஆனால் கேள்வி வேறு. செத்த பிறகு கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, சாகுமுன் நிறுத்தத் தெரிந்ததா?

2025 பிப்ரவரி 28-ம் தேதி விடிகாலை. உத்தரகாண்ட் மாநிலம், சமோலி ஜில்லா, திபெத் எல்லையை ஒட்டிய மாணா கிராமம். ரோட்டில் பனி அகற்றுகிற தொழிலாளர்களின் முகாம். இரும்புக் கண்டெய்னர்களில் படுத்திருந்தார்கள். மலையிலிருந்து பனி சரிந்து வந்து முகாமை மூடியது. 54 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். ராணுவத்தினரும் மீட்புப் படையினரும் மூன்று நாள் போராடி 46 பேரை உயிரோடு மீட்டார்கள். 8 பேர் செத்துப் போனார்கள்.

இதில் நாம் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. முந்திய நாள் மாலையிலேயே ராணுவ ஆராய்ச்சி நிலையம் சமோலி உள்ளிட்ட ஜில்லாக்களின் உயரமான பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. தொழிலாளி மலையடியில் இருந்தான். “இங்கே ஆபத்து, நாங்கள் கீழே இறங்குகிறோம், இறங்குகிற நாளுக்கும் கூலி உண்டு” என்று சொல்லுகிற அதிகாரம் அந்த 54 பேரின் கையில் இருந்திருந்தால்? அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்து, எச்சரிக்கை வந்த மறு நிமிஷமே முகாமைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்திருந்தால்?

நூறு வோன் கேட்டவர்கள்

இப்போது சின்ன ஸ்கூட்டரையே வயிற்றுப்பாட்டுக்காகப் பனியில் ஓட்டுகிறவர்களைப் பார்ப்போம். தென்கொரியாவின் சியோல் நகரத்துக்குப் போவோம். அங்கே பனிக்காலம் கடுமையானது. ஓட்டலிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் ஏராளம். வாகனம் சின்ன ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள். கூலி ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டு.

பீஸ் ரேட்டு என்ன என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற மீட்டருக்குக் கூலி வாங்குகிறவர்கள் நீங்கள். மார்க்ஸ் “மூலதனம்” நூலின் முதல் தொகுதியில் இதற்கென்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பீஸ் ரேட்டில் மேஸ்திரி பின்னால் நின்று விரட்ட வேண்டியதில்லை. தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வான். மெதுவாகப் போனால்தான் பிழைக்கலாம் என்று பனி சொல்லுகிறது. வேகமாகப் போனால்தான் சாப்பிடலாம் என்று பீஸ் ரேட்டு சொல்லுகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குவது ஸ்கூட்டர் ஓட்டுகிறவன்.

2018 கோடையில் கொரியாவில் கொடும் வெயில். மெக்டொனால்ட்ஸ் கம்பெனியில் டெலிவரி வேலை செய்த ஒரு தொழிலாளி, மழைக்கும் பனிக்கும் ஒரு டெலிவரிக்கு 100 வோன் கூடுதலாகக் கொடுக்கிறீர்களே, வெயிலுக்கும் அந்த 100 வோனைக் கொடுங்கள் என்று தட்டி பிடித்துத் தனியாளாக நின்றார். நூறு வோன் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ ஆறு ரூபாய். ஆறு ரூபாய்க்காக ஒருவர் நடுரோட்டில் நிற்பதா என்று சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் ஒருவர் நின்ற இடத்துக்குப் பலர் வந்தார்கள். 2019 மே தினத்தன்று “ரைடர் யூனியன்” என்ற சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் தங்கள் வண்டிகளிலேயே சியோல் வீதிகளில் ஊர்வலம் போனார்கள்.

2021 ஜனவரி 6 இரவு சியோலில் பெரும்பனி கொட்டியது. அன்றிரவு அந்தச் சங்கம் கேட்டது என்ன? கூடுதல் பணம் கேட்கவில்லை. “டெலிவரியை உடனே நிறுத்துங்கள். இந்தப் பனியில் ஆளை அனுப்புவது கொலைக்குச் சமம்” என்ற பொருளில் பகிரங்க அறிக்கை விட்டது.

ஆறு ரூபாயிலிருந்து இந்த இடத்துக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது. பஞ்சப்படி போலப் பனிப்படி, வெயில்படி, மழைப்படி எல்லாம் நியாயமானவை. கேட்டு வாங்க வேண்டியவை. ஆனால் படி மட்டும் கிடைத்தால் அதுவே தூண்டில் புழு ஆகிவிடும். பனி கூடக் கூடக் கம்பெனி படியைக் கூட்டும். படி கூடக் கூட, கடன்பட்ட தொழிலாளி பனிக்குள்ளே பாய்வான். முதலாளிக்கு அது மலிவு. ஆகவே படி ஒரு கையில், நிறுத்துகிற உரிமை மறு கையில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது சங்கம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

உடனடியான பேராபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகுகிற தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1981-ம் வருஷத்து 155-வது ஒப்பந்தம் சொல்லுகிறது. நம் நாட்டில், 1984-ல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழிற்சாலைகளில் ஆபத்தைச் சுட்டிக்காட்டுகிற உரிமை தொழிலாளிக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் பழைய சட்டங்களை எடுத்துவிட்டு நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கியிருக்கிறது. அவற்றில் ஒன்று, உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினால் முதலாளியிடமும் அதிகாரியிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவிக்கலாம்! வேலையை நிறுத்தலாம் என்று அது தெளிவாகச் சொல்லவில்லை. அதுவும் பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்குத்தான். ஆறு தறிப் பட்டறைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் அது எப்படி வந்து சேரும்?

வெயிலைப் பாருங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல காரியம். ஆனால் இங்கேயும் அதே கேள்வி. செத்தால் 4 லட்சம் உண்டு. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்தினால் அந்த இரண்டு மணிக் கூலி உண்டா?

ஜலகண்டாபுரத்தில் நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, நமக்குப் பனிமலை இல்லை. ஆனால் விடியற்காலை மூடுபனி உண்டு. ஐப்பசி மழை உண்டு. சித்திரை வெயில் உண்டு. மொபெட்டில் முன்னால் நூல் மூட்டை, பின்னால் துணிக்கட்டு என்று ஏற்றிக்கொண்டு தாரமங்கலத்துக்கும் எடப்பாடிக்கும் போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து தூக்கம் கண்ணைச் செருக வண்டியில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டே களையெடுக்கப் போகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். சேலத்துக்குப் போய் டெலிவரி வேலை செய்கிற நம் ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள். ஈரத் தார் ரோட்டில் சிந்திய எண்ணெயும் மண்ணும் கலந்தால் டயருக்கு அதுவும் பனிபோலத்தான் வழுக்கும்.

வண்டி யாருடையது? தொழிலாளியுடையது. தவணை கட்டுகிறது யார்? தொழிலாளி. பெட்ரோல், பஞ்சர், இன்ஷூரன்ஸ்? தொழிலாளி. வண்டி சுமக்கிற சரக்கு யாருடையது? முதலாளியுடையது. லாபம்? அதுவும் முதலாளியுடையது. விழுந்தால் உடைகிற கால் மட்டும் தொழிலாளியுடையது! “உன் வண்டி, உன் இஷ்டம், நீ பார்த்துப் போயிருக்க வேண்டும்” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சை இனி ஒப்புக்கொள்ளாதீர்கள். 2003-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, விடியற்காலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கையில் விபத்தில் இறந்தார். ஆலைக்குள் சாகவில்லை, ஆகவே நஷ்டஈடு இல்லை என்று வழக்காடினார்கள். ஐகோர்ட்டில் குடும்பம் தோற்றது. கடைசியில் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம், சூழ்நிலையால் தொடர்பு இருந்தால் அது வேலையில் நடந்த விபத்தே என்றது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் குடும்பம் காத்திருந்தது. உங்களில் யாருக்கு விபத்து நேர்ந்தாலும், போலீசில் பதிவு செய்யுங்கள். எந்த ஷிப்டுக்குப் போனார், யார் சரக்கு ஏற்றியிருந்தார் என்பதை அன்றே எழுத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுநாளே சங்கத்துக்கு வாருங்கள். தனியாக முதலாளி வீட்டு வாசலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கூலிப் பேச்சுவார்த்தையில் கூலி உயர்வோடு சேர்த்து நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

சரக்குக் கொண்டுபோகிற வண்டிக்குப் பெட்ரோல், ரிப்பேர், இன்ஷூரன்ஸ் செலவை முதலாளி ஏற்க வேண்டும்.

மூடுபனி, பெருமழை, கடும் வெயில் நேரத்தில் வண்டியையோ வேலையையோ நிறுத்தினால் கூலி பிடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் போகச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

ராத்திரி ஷிப்டு முடிந்தவர் விடியும் வரை படுத்து எழுந்து போகப் பட்டறையில் இடம் கொடுக்க வேண்டும்.

விவசாய வேலைக்குப் பெண்களைச் சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோகக் கூடாது. விடிகாலையிலும் மாலையிலும் கிராமங்களுக்குப் போதிய பஸ் விட வேண்டும்.

தொழிலாளர் நல வாரியத்தில் ஒருவர் விடாமல் பதிவு செய்ய வேண்டும். அதற்கான வேலையைச் சங்கம் இந்த மாதமே தொடங்குகிறது.

இளைஞர்களே! துணிச்சலைப் பற்றி அந்த விளம்பரம் பேசுகிறது. நமக்கும் துணிச்சலைப் பற்றித் தெரியும். 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்த ஜில்லா அயலூர். ஆனாலும் இந்த ஜில்லாவின் மண்ணில்தான் ரத்தம் சிந்தினார்கள். ஒருவன் தனியாக மலையேறுவதும் துணிச்சல்தான். “மழை நிற்கும்வரை இந்த வண்டி நகராது” என்று ஐம்பது பேர் சேர்ந்து முதலாளி முகத்துக்கு நேரே சொல்லுவதற்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும்.

தும்காவின் பனி வெட்டுகிற தொழிலாளியும், சியோலின் ஸ்கூட்டர்த் தொழிலாளியும், ஜலகண்டாபுரத்தின் தறித் தொழிலாளியும் ஒரே வர்க்கம். அவர்களுக்கு உரிமை வந்தால் நமக்குப் பலம். நாம் வென்றால் அவர்களுக்கு நம்பிக்கை. வண்டியை ஓட்டத் தெரிந்த நமக்கு, நிறுத்துகிற உரிமையும் வேண்டும். அதைச் சங்கத்தில் சேர்ந்து பெறுவோம்! ஒன்றுபடுவோம்! வெற்றி பெறுவோம்!